பறவைப் பாடத்துக்கு நெட்ல இருந்து எடுத்தது

மூணாங்கிளாஸ் பசங்களுக்கு அடுத்த வாரம் பறவைகள் எடுக்கணும். புக்ல இருக்கற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா அரசாங்கத்தோட பாட ஆப்பான திக்‌ஷால வீடியோ வருது, நல்லாத்தான் இருக்கு, ஆனா அதைப் போட்டா பசங்க சும்மா பாத்துட்டு உக்காந்துருவாங்க, எனக்கு அவங்க காதைத் தீட்டணும்! அதனால ஸீனோ-கான்டோ சைட்டுக்குப் போயிட்டேன், 2005ல ஆரம்பிச்சது, உலகம் பூரா ஆளுங்க ரெக்கார்ட் பண்ண பறவைச் சத்தம் அதுல ஃப்ரீயாவே கிடைக்கும். குயில், செம்போத்து, தவிட்டுக்குருவி எல்லாத்தையும் வீட்லயே டவுன்லோட் பண்ணி வச்சாச்சு, ஸ்கூல்ல நெட் இல்லாட்டியும் ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும், படமே காட்டாம சத்தத்தை மட்டும் போட்டு இது யாருன்னு கேக்கப் போறேன்.

குயில்லதான் விஷயமே இருக்கு. "கூ..கூ"ன்னு கூவுறது கருப்பா இருக்கற ஆண்குயில், பொண்ணு பழுப்புல வெள்ளைப் புள்ளியோட இருக்கும், அது "கிக்-கிக்"னு வேற மாதிரி கத்தும், முட்டை போடுறது பெரும்பாலும் காக்கா கூட்டுல. இதெல்லாம் தமிழ் விக்கிப்பீடியால தேடலாம், ஆனா அப்படியே போர்டுல எழுதிடாதீங்க டீச்சர்ஸ், அந்த விக்கி பக்கத்துக்குக் கீழ குடுத்திருக்கற மேற்கோளையும் திறந்து பாத்துருங்க.

பறவை பாக்கறவங்க தாங்க பாத்ததைப் பதிவு பண்ற இ-பேர்டு சைட்ல நம்ம மாவட்டத்தைப் போட்டா எந்த மாசம் எந்தப் பறவை தென்படும்னு சார்ட்டே வருது, அதைப் பாத்துட்டு தேதி ஃபிக்ஸ் பண்ணுங்க.