காலியாக விட்ட இடம்

அந்த வாய்க்காலை வரைபடத்தில் குறிக்காமல் விட்டது நான்தான். விடச் சொன்னவர் பெரியவர். இதில் யார் கணக்கு சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் படகு போகும் தடங்களையும், மக்கள் இறங்கித் தொழில் செய்யும் இடங்களையும் ஒரே தாளில் கொண்டுவரும் வேலை அது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பெயர் ஏறியதிலிருந்து ஆளாளுக்கு இங்கே ஒரு திட்டம் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் வேண்டும், காடும் இருக்க வேண்டும், தொழில் செய்கிறவர்களும் பிழைக்க வேண்டும். எது எங்கே என்று தெரிந்தால் ஒன்றோடொன்று இடிக்காது என்று நம்பித்தான் ஆரம்பித்தோம். நம்பிக்கையில் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பெரியவர் இருளர். வலை கிடையாது. கடல் தண்ணீர் இறங்கும் வத்தத்தில் மார்பளவு ஆழத்தில் இறங்கி, பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். வீட்டுப் பெண்களும் அப்படித்தான். சுரபுன்னை வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி கிழித்த தழும்பு இல்லாத கை அந்தக் குடியிருப்பில் அபூர்வம். என்னை அவர் பல ஓடைகளுக்குக் கூட்டிப்போனார். நான் ஜிபிஎஸ் கருவியில் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். அந்த ஒரு வாய்க்காலில் மட்டும் கையைக் காட்டித் தடுத்தார்.

"இத எழுதிடாத தம்பி. பொம்பளைங்க எறங்குற எடம். தாள்ல ஏறிட்டா கண்டவன்லாம் வருவான்."

"எழுதலைங்கய்யா."

இவ்வளவுதான் பேச்சு. புள்ளியை அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

அது இயற்கையாக ஓடிய ஓடை இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து, மொட்டையடித்து வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராக விழுந்து, மண் சுருங்கிப் பள்ளமானது. ஏறிய கடல் தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே நின்று காய, உப்பு ஏறி ஒரு கன்று பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீர் வந்துபோக வழி செய்தார்கள். அதன் பிறகுதான் வெண்கண்டல் மரம் மறுபடி எழுந்தது. பெரியவர் சொன்னார்: "இங்க மம்பட்டி புடிச்சது நாங்கதான்." கூலிக்கு வெட்டினார்கள். கரையில் மரம் வந்ததும் இறாலும் வந்தது. அந்த இறாலுக்கு இவர்கள் இறங்கினார்கள். சமூகப் பங்கேற்பு என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதைத்தான் எழுதக் கூடாது என்றார்.

தாள் தயாரானது. சமுதாயக் கூடத்தில் சுவரில் மாட்டினோம். புள்ளி இருக்கும் ஓடைகளில் படகு போகாது என்று முதலில் முடிவானது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. பிறகு புதிதாகக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு விட ஒரு தடம் வேண்டும் என்ற பேச்சு வந்தது. தடம் தேடி வந்தவர் தாளைப் பார்த்தார். இரண்டு பக்கமும் மரம் கூடிய, அழகான, புள்ளியே இல்லாத வாய்க்கால் ஒன்றுதான் இருந்தது. "இது யாரும் பயன்படுத்தாதது போலிருக்கே" என்று விரலை வைத்தார்.

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன சொல்லித் திறப்பது? ரகசியம் அவருடையது. அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அவர் சொல்லாததை நான் சொன்னால், நாளைக்கு அந்தக் குடியிருப்பில் என்னிடம் யார் பேசுவார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. அது வனத்துறையின் காப்புக்காடு. இன்ன இடத்தில் இன்னார் இறங்குகிறார் என்று நாமே எழுதிக் கொடுத்தால், அதை யார் எப்போது எதற்கு எடுத்துக் காட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. இப்படி யோசித்தால் நான் வாயை மூடியிருந்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை கோருகிறவர்களுக்கு, ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றாகும். காலங்காலமாக இறங்கும் இடம் இது என்று அன்றைக்கே பதிந்திருந்தால் அது அவர்கள் பக்கம் பேசியிருக்கும். ஒரே புள்ளி காட்டியும் கொடுக்கலாம், காப்பாற்றவும் செய்யலாம். எது நடக்கும் என்பது தாளை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. இதை நான் பெரியவரிடம் அன்றைக்கே விளக்கியிருக்க வேண்டுமா? விளக்கியிருந்தால் அது விளக்கமா, வற்புறுத்தலா? பறியை வாயில் கடித்திருக்கும் மனிதரிடம் சட்டப் பிரிவு பேசுவது எனக்கு வராது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் பறியை எப்போதும் வாயில் வைத்திருப்பதில்லைதான்.

கூட்டத்தில் அந்தத் தடம் வேண்டும் என்று முதலில் கை தூக்கியது அவருடைய பேரன். நான் கதை சொல்லும்போது இதை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தோழி கண்டுபிடித்தாள், அதனால் எழுதிவிடுகிறேன். அவனுக்குத் துடுப்பு போடும் வேலை வேண்டும். லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பறவை பேர் சொல்லி, மாலையில் கூலியோடு வீட்டுக்கு வர வேண்டும். பாட்டிபோல அவன் சேற்றில் தவழ மாட்டான். அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? அவனும் அந்த மக்களில் ஒருவன்தானே.

கலைந்து போகும்போது பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "சொன்னபடி எழுதாம உட்டீங்க. நல்லது சார்." அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பாராட்டினாரா, குத்தினாரா? இரண்டாகவும் எடுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டும் பொருந்துகிறது.

இப்போது விடுமுறை நாளில் கயாக் போகிறது. பெண்கள் விடியற்காலை வத்தத்துக்கு மட்டும் இறங்குகிறார்கள். பகல் வத்தத்தை விட்டுவிட்டார்கள். நனைந்த சேலையோடு போனில் படம் எடுக்கப்படுவதைவிட அது மேல் என்றார் ஒரு அக்கா. போன இறாலுக்கும் பேரன் கொண்டுவரும் கூலிக்கும் கணக்குப் போட்டால் வீட்டுக்கு லாபமா நட்டமா என்று அவரிடமே கேட்டேன். "யாரு கையில காசு வருதுன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

தாளைத் திருத்தும் வேலை மறுபடி வருகிறது. பெரியவரிடம் போய்ப் பேசலாம் என்று கிளம்பியபோது பேரன் வழியில் நிறுத்தினான். "தாத்தாவ ஏன்ணா கேக்குறீங்க? இப்ப அந்த வாய்க்கால்ல அடிக்கடி போறவன் நான்தான். என்னக் கேளுங்க." தாளில் எதைப் போடலாம் என்று அந்த அக்காவை இதுவரை நாங்கள் யாருமே கேட்டதில்லை. இறங்கும் இடத்துக்கே போய்க் கேட்பதென்றால் விடியற்காலையில்தான் போக வேண்டும், அந்த நேரத்தில் ஆண்கள் அங்கே போகக் கூடாது. எங்கள் குழுவில் பெண்கள் இல்லை.