ஸ்டீம் லைனில் பேட்டரி இல்லாத சென்சார்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. அங்கே ஸ்டீம் டிராப்களுக்கு வெப்பநிலை சென்சார் மாட்டித் தருவது என் வேலை. டிராப் என்பது குழாயில் தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு, நீராவியைப் பிடித்து வைக்கிற வால்வு. அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் விறகு எரித்துச் செய்த நீராவி வீணாகிக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. சென்சாருக்குப் பேட்டரிதான் தலைவலி. சூட்டில் சீக்கிரம் செத்துவிடும், ஏணி போட்டு ஏறி மாற்ற ஆளும் கிடைப்பதில்லை.

"ஏனுங்க தம்பி, இத்தனை சூடு இருக்குதுங்களே, இதுலயே ஓடாதுங்களா?" என்றார் பாய்லர் பார்க்கிற அண்ணன்.

ஓடும். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையை மட்டும் சூடாக்கினால் என்ன நடக்கிறது என்பதை 1821-லேயே ஜெர்மன் விஞ்ஞானி சீபெக் கவனித்துவிட்டார். இரண்டு முனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் மின்சாரமாகிறது. இன்று அதற்கு பிஸ்மத் டெலுரைடு வில்லைகள் வருகின்றன. 4 செ.மீ. சதுரத்துக்குள் 127 குறைக்கடத்தி ஜோடிகள், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 0.05 வோல்ட்.

வித்தியாசம் என்பதுதான் இதில் உயிர். 6 பார் கேஜ் அழுத்தத்தில் நீராவி 165 டிகிரி, ஷெட்டுக்குள் காற்று 40. கணக்குக்கு 125 டிகிரி இருக்கிறது. ஆனால் வில்லை மெல்லியது. அதன் மேல் வைத்த, சூட்டைக் காற்றில் விடும் ஹீட் சிங்கிலிருந்து காற்றுக்குச் சூடு இறங்குவதற்குள் பெரும்பகுதி போய்விடும். வில்லையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே எனக்குக் கிடைத்தது ஏறக்குறைய 20 டிகிரிதான். அதிலேயே 1 வோல்ட் வருகிறது. லோடு போட்டால் பாதியாகும், அப்போதும் 0.1 வாட் பக்கம் தேறும். பெரும்பாலும் தூங்கிக்கொண்டு அவ்வப்போது தகவல் அனுப்பும் சென்சாருக்கு இதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம்.

உடல் சூட்டில் எப்போதும் அப்படி முடியாது. 1998-ல் சீக்கோ உடல் சூட்டில் ஓடும் ஒரு கைக்கடிகாரமே விட்டது, அருமையான வேலை. ஆனால் நம்மூர் சித்திரை மாதத்தில் காற்றும் தோலும் ஒரே சூட்டில் நிற்கும்போது அதற்கு எதுவும் கிடைக்காது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று. குளிரூட்ட விற்கும் மலிவான பெல்டியர் வில்லைகளில் பல 138 டிகிரியில் உருகும் பற்றாசு (சால்டர்) வைத்தவை, ஸ்டீம் லைனுக்கு ஆகாது. மின்சாரம் எடுக்கவென்றே செய்த வில்லையாக வாங்குங்கள். ஹீட் சிங்கின் தகடுகள் செங்குத்தாக நிற்கட்டும், சூடான காற்று தானாக மேலேறும். பாய்லர் நிற்கும் நாளில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சூப்பர் கெபாசிட்டரும் தீர்ந்து சென்சார் அணைந்துபோகும். அன்று குழாயில் அளக்க நீராவியே இல்லை, அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.