58 டீலர்களுடன் சிங்கப்பூருக்கு

எங்கள் நிறுவனம் கோவையில் பம்ப்செட் தயாரிக்கிறது. விற்பனைப் பிரிவின் நிர்வாக வேலை என்னுடையது. ஆண்டு இலக்கைத் தாண்டிய டீலர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போவது, அங்கேயே அரை நாள் வணிகக் கூட்டமும் நடத்துவது என்று 2025 மே மாதம் முடிவாயிற்று. பொறுப்பு என் மேசைக்கு வந்தது. டீலர்கள் 58 பேர், எங்கள் அலுவலகத்தார் நான்கு பேர், நான்கு இரவுகள்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பயணத்தில் உதவியாளராகப் போயிருந்தேன். இரவு விமானத்தில் போய் அதிகாலையில் இறங்கினோம். ஓட்டல் அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால், குளிக்காமல் கொள்ளாமல் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றக் கிளப்பிவிட்டார்கள். சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் பஸ்ஸின் கடைசி இருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எந்த இடத்திலும் அவர் இறங்கவில்லை. வருடம் முழுக்க வெயிலில் அலைந்து பம்ப் விற்றவருக்கு நாங்கள் கொடுத்த பரிசு அதுதான். அந்தக் கால்கள் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. இந்த முறை திட்டத்தை இடங்களிலிருந்து தொடங்கக் கூடாது, வருகிறவர்களின் தூக்கத்திலும் சாப்பாட்டிலும் முழங்காலிலும் இருந்து தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டேன்.

முதல் சிக்கல் தேதி. ஆயுத பூஜை முடிந்த கையோடு அக்டோபர் முதல் வாரம் போகலாம் என்றார் நிர்வாக இயக்குநர். மழைக்காலம் தொடங்கிவிட்டால் பம்ப் வியாபாரம் மந்தம், டீலர்கள் கடையை விட்டு வர முடியும். சரியான கணக்குதான். ஆனால் அக்டோபர் 3 முதல் 5 வரை சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம். மெரினா பே பகுதியின் சாலைகளே பந்தயத் தடமாகிவிடும். 2008 முதல் அங்கே இரவில் ஓடும் பந்தயம் இது. பாதைகள் அடைபடும், அறை வாடகை எகிறிவிடும். அடுத்து அக்டோபர் 20 தீபாவளி, அதற்கு முந்தைய வாரங்களில் எந்தக் கடைக்காரரும் ஊரை விட்டு நகர மாட்டார். அப்படியே நவம்பர் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப் போட்டோம்.

ஒப்புதல் வாங்கும் கடைசி நேரத்தில் பொள்ளாச்சிப் பக்கத்து டீலர் ஒருவர் போன் செய்தார். “அம்மிணி, கார்த்திகை ஒன்றாம் தேதி நான் மாலை போட்டுவிடுவேன். என்னை விட்டுவிடுங்கள்” என்றார். நாட்காட்டியைப் பார்த்தேன். கார்த்திகை பிறப்பது நவம்பர் 17. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டதில் ஒன்பது பேர் மாலை போடுகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் போனால் இலக்கைத் தாண்டியவர்களைக் கௌரவிக்கும் பயணம் என்று எப்படிச் சொல்வது? நவம்பர் 10 முதல் 14 என்று மாற்றினோம். அது சிங்கப்பூரில் மழை கூடும் காலம். மழைக்கு மாற்று ஏற்பாடு செய்யலாம், விரதத்துக்கு என்ன மாற்று ஏற்பாடு செய்வது?

தேதி நின்றதும் விலைப்பட்டியல்கள் வந்தன. முதல்முறை ஏற்பாடு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகளை. தொழிலில் ‘பிளஸ் பிளஸ்’ என்பார்கள். முதல் கூட்டல் 10 சதவீதச் சேவைக் கட்டணம், இரண்டாவது அந்நாட்டு ஜி.எஸ்.டி. 2024 ஜனவரியிலிருந்து அது 9 சதவீதம், சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின் மீது போடுவார்கள். சிங்கப்பூர் டாலரை வெள்ளி என்பார்கள். இரவு விருந்து ஆளுக்கு 85 வெள்ளி என்று தாளில் இருந்தால் கையிலிருந்து போவது ஏறக்குறைய 102 வெள்ளி. 62 பேருக்கு ஒரே இரவில் 1,000 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். மூன்று ஓட்டல்களின் பட்டியல்களில் ஒன்று வரி சேர்த்தும் மற்ற இரண்டு சேர்க்காமலும் வந்திருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் மலிவானது எதுவென்று தவறாகவே தோன்றும். எல்லாவற்றையும் வரி சேர்த்த தொகையாக மாற்றி எழுதிய பிறகுதான் ஒப்பிடவே முடிந்தது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் முக்கியம். 33 அறைகள் பிடித்துவைத்தோம். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு எத்தனை அறைகளைக் குறைத்தாலும் வாடகை கட்டியே ஆக வேண்டும் என்று இருந்தது. விசா முடிவு தெரியும் முன்பே அந்தத் தேதி வந்துவிடும். பேசிப் பேசி, பத்தில் ஒரு பங்கு வரை கடைசி இரண்டு வாரத்திலும் குறைத்துக்கொள்ளலாம் என்று திருத்தி வாங்கினோம். பின்னால் இரண்டு அறைகளை விட வேண்டி வந்தபோது அந்தத் திருத்தம் காப்பாற்றியது.

வரி விஷயம் நம் ஊரிலும் உண்டு. ஒரு நிறுவனம் தன் டீலருக்குத் தரும் வணிகப் பலன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 2022 ஜூலை 1 முதல் 10 சதவீத வரி பிடித்தாக வேண்டும். எங்கள் பயணத்தின்போது இது வருமான வரிச் சட்டத்தின் 194ஆர் பிரிவில் இருந்தது. பலன் பணமாக இல்லாமல் பயணமாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. பயணத்தைக் கொடுப்பதற்கு முன்பே வரி கட்டப்பட்டதை உறுதிசெய்ய வேண்டும். ‘கூட்டமும் நடத்துகிறோமே, மாநாடு என்று காட்டலாமே’ என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். தணிக்கையாளர் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். இலக்கை எட்டியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அழைத்துப் போவது பரிசுதான், மாநாட்டுக்கான விலக்கு அதற்குப் பொருந்தாது. அதே சட்டம் வரியை நிறுவனமே ஏற்கவும் இடம் தருகிறது, அந்த வரித் தொகையையும் பலனாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நாங்களே ஏற்றோம். பரிசு என்று அழைத்துவிட்டு, வரிப் பணம் கொண்டு வாருங்கள் என்று ஒரு மனிதரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனி ஆவணங்கள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பித்தோம். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்பாது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மூன்று பேருடையது ஆகாததால் புதுப்பிக்க ஓடினோம். நேரத்தைத் தின்றது பெயர்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். 11 பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. டிக்கெட் போடும் கணினியோ இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்கிறது. விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் சொன்ன முறையிலேயே 11 பெயர்களையும் போட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். டீலர் தன் கடைப் பலகையில் போட்டிருக்கும் பெயர் வேறு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் வேறு. பட்டியலை எப்போதும் பாஸ்போர்ட் பக்கத்தைப் பார்த்தே எழுத வேண்டும்.

வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு, அதனால் சிங்கப்பூர் அரசின் தளத்தில் நாங்களே உட்கார்ந்து எல்லோருக்கும் நிரப்பினோம். குடிநுழைவுச் சோதனை முடிந்ததும் தங்கல் அனுமதி மின்னஞ்சலில்தான் வரும். பலர் கொடுத்திருந்தது மகனோ கணக்கரோ பார்க்கும் கடை முகவரி. அவரவர் போனிலேயே திறக்கக்கூடிய முகவரிகளாக அவற்றை மாற்றினோம்.

எதைக் கொண்டுவரக் கூடாது என்பதை அச்சடித்த தாளாகக் கொடுத்தது போதவில்லை, போனில் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். வாயில் அடக்கும் புகையிலை எதுவும் அங்கே ஆகாது. மின்சிகரெட் கூடாது. சூயிங்கம் கூடாது. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட்டானாலும் தீர்வை உண்டு, மறைக்கக் கூடாது. கசகசா கூடாது என்றபோது பலர் நம்பவில்லை. சிங்கப்பூர் அதைப் போதைப்பொருள் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்கிறது. சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன் அனுமதி தேவை. ஆகவே ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டையும் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். இருவர் மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொண்டார்கள். இந்த வேலையை யாரும் பாராட்டப் போவதில்லை, ஆனால் விடுபட்டால் விமான நிலையத்தில் ஒரு மனிதர் தனியாக நிற்பார்.

ஆகஸ்டில் நானும் சக ஊழியர் ஒருவரும் இரண்டு நாள் போய் இடங்களைப் பார்த்து வந்தோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை நடந்து அடிகளை எண்ணினோம். கழிப்பறை எங்கே, மழை வந்தால் கூரை எங்கே, படி எத்தனை என்று குறித்துக்கொண்டோம். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கம் பஸ்ஸை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, குறித்த இடத்தில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அறைப் பட்டியல் போட்டது தனி அத்தியாயம். இருவருக்கு ஓர் அறை. யாரோடு யாரைச் சேர்ப்பது? ஊர் வரிசைப்படி கணினி போட்டுக் கொடுத்த முதல் பட்டியலில், ஒரே ஊரில் ஒரே தெருவில் போட்டிக் கடை வைத்திருக்கும் இருவர் ஓர் அறையில் இருந்தார்கள். ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கள விற்பனையாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு பெயராகப் படித்தேன். குறட்டை விடுபவர், நாலு மணிக்கே எழுந்து குளித்துப் பூஜை செய்பவர், சுத்த சைவம் சாப்பிடுபவர் என்று அவர்கள் சொன்ன தகவல் எந்தப் படிவத்திலும் வராது. எல்லா அறைகளிலும் தனித்தனிக் கட்டில்கள் வேண்டும் என்பதை ஓட்டலிடம் எழுத்தில் வாங்கினோம்.

பெரிய சண்டை பணத்துக்காகத்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களும் உடல்நலக் குறை உள்ளவர்களுமாக 18 பேர். அவர்களுக்கான ஒன்பது அறைகளை முந்தின இரவிலிருந்தே எடுத்தால், காலையில் இறங்கியதும் படுக்கலாம். இந்தியாவைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு விமானத்தில் ஏறுகிறவருக்கு அந்த இரண்டரை மணி நேரத் தூக்கமும் போய்விடுகிறது. நிதிப் பிரிவு மறுத்தது. யாரும் தங்காத இரவுக்கு வாடகையா என்று கேட்டார்கள். விருது விழாவுக்கு என்று பெரிய மின்திரையும் நடனக் குழுவும் திட்டத்தில் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு இதைக் கொடுங்கள் என்றேன். நிர்வாக இயக்குநரிடம் அந்தக் கடைசி இருக்கைப் பெரியவரின் கால்களைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பயணம் நன்றாகவே நடந்தது. 18 பேரும் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு மதியம் வரை தூங்கினார்கள். மற்றவர்களுக்குக் குளிக்க நான்கு அறைகள் ஒதுக்கியிருந்தோம். இரண்டாம் நாள் காலை கூட்டம். சோலார் பம்ப் பற்றி எங்கள் பொறியாளர் நாற்பது நிமிடம் பேசினார். மீதி நேரம் டீலர்கள் பேசினார்கள். உதிரிபாகம் தாமதமாக வருவதைப் பற்றி அங்கே கேட்டதைப் போல் கோவையில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தோம், அவற்றில் இரண்டு இப்போது சரியாகிவிட்டன.

அன்று மாலை ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கார்டன்ஸ் பை த பே பூங்காவின் ராட்சதச் செயற்கை மரங்களில் ஒளிக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும் இரண்டு முறை உண்டு. முதல் காட்சியை விட்டுவிட்டு, கண்ணாடிக் கூரைக்குள் இருக்கும் மேகக் காட்டில் அருவியைப் பார்த்தோம். மழை விட்டதும் இரண்டாம் காட்சி. ஆகஸ்டில் குறித்துவைத்த தாள் அப்போது கையில் இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகலை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன். எதையாவது போட்டு நிரப்புங்கள் என்று பலர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. நால்வர் நால்வராகச் சேர்ந்து, கையில் ஓட்டல் முகவரி அட்டையோடு போனார்கள். இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது என்பதை மட்டும் இருமுறை சொல்லி அனுப்பினேன். சிலர் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு, சிலர் முஸ்தபா கடைக்கு, ஒரு கூட்டம் ரயிலில் சும்மா போய்வர.

தாராபுரத்துப் பெரியவர் ஒருவர் ஆறு மணிக்கு ஓட்டல் முன்கூடத்தில் என்னைத் தேடி வந்தார். முதல் முறை வெளிநாடு வந்தவர். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு வெள்ளி நாணயம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விளிம்பில் பொடியாக இருந்த எழுத்தை நகத்தால் தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“சிங்கப்பூர். தமிழில் போட்டிருக்கிறார்கள், அம்மிணி. பார்த்தீர்களா?”

பார்த்தேன். பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். பிறகு, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு லிப்ட் பக்கம் நடந்தார்.