களியக்காவிளை டு பாளையம்

இன்று திருவனந்தபுரத்தில் ஒரு வேலை. பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே யுனிவர்சிட்டி காலேஜ். எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது.

தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து காலையில் ஆனவண்டி, அதாவது கேரள அரசு பஸ். பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டே வர வேண்டும். பாலராமபுரத்தில் சீட் கிடைத்தால் அன்று யோகம். மலையாளத்தில் டிக்கெட் கேட்டு, தமிழில் தூங்கி, வகுப்பில் போய் விழுவோம். பாதி நாள் சமரம், அதாவது ஸ்டிரைக். கோஷம் கேட்டதும் எங்கள் கூட்டம் காபி ஹவுஸில் இருக்கும். மசாலா தோசைக்குள் பீட்ரூட்! தமிழ்நாட்டு நாக்குக்கு அது பழக ஒரு மாசம் ஆகும்.

தாத்தாவிடம் அட்மிஷன் கிடைத்ததைச் சொன்னபோது, "லேய், அது நம்ம காலேஜ்தானே" என்றார். சரிதான். எங்கள் ஊரும் முன்பு திருவிதாங்கூர்தான்; 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1866-இல் மகாராஜா காலேஜாகத் தொடங்கியபோது அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. திருவிதாங்கூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்ததே 1937-இல்.

அப்புறம், மனோன்மணீயம் சுந்தரனார். அவர் அங்கே தத்துவப் பேராசிரியர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர், பிறந்தது ஆலப்புழையில், வாழ்ந்தது திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில். இதை முதலாண்டில் மலையாளி நண்பனிடம் சொன்னேன். "அப்போ உங்கள் பாட்டு எங்கள் ஊர்க்காரர் பாட்டா?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் அவன் தட்டிலிருந்த கட்லெட்டை எடுத்துக்கொண்டேன்.