குளியலறைக்கு நிறம் பார்த்தல்

வீட்டைப் புதுப்பிக்கும்போது வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் நாள்கணக்கில் நிறம் பார்க்கும் நாம், குளியலறை என்று வந்தால் "அதற்கென்ன, வெள்ளை அடித்துவிடுங்கள்" என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். காலையில் எழுந்ததும் நம் முகத்தை நாம் முதலில் பார்க்கும் அறை அது. வீட்டிலேயே மிகச் சிறிய, மிக ஈரமான, வெளிச்சம் மிகக் குறைந்த அறையும் அதுவே. பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டு குளியலறைகளையும் அண்மையில் புதுப்பித்தோம். அந்த அறைக்குள் வரும் வெளிச்சமும் குழாயில் வரும் தண்ணீரும்தான் அங்கே நிறத்தை முடிவு செய்ய வேண்டும், ஷேட் கார்டு அல்ல என்பது அப்போது எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸை மாற்ற வேண்டுமானால் உடைக்க வேண்டும். வாஷ்பேசினுக்குக் கீழே வரும் அலமாரியான வேனிட்டியை மாற்ற ஆசாரி வர வேண்டும். பெயிண்டை ஓரிரு நாளில் மாற்றிவிடலாம். ஆகையால் டைல்ஸ் முதலிலும் வேனிட்டி அடுத்தும் சுவர் கடைசியிலும் முடிவாக வேண்டும். நம் குளியலறைகளில் டைல்ஸ் பெரும்பாலும் ஏழடி உயரம் வரை ஏறிவிடுவதால் பெயிண்டுக்கு மிஞ்சுவது அதற்கு மேலுள்ள பட்டையும் கூரையும்தான் என்றாலும், டைல்ஸின் நிறத்தைத் தூக்கிக் காட்டுவதும் கெடுப்பதும் அந்தப் பட்டைதான். வெள்ளை என்று விற்கப்படும் டைல்ஸ் பலவற்றில் தந்த நிறமோ சாம்பலோ சற்றே கலந்திருக்கும். அதற்கு மேலே பளிச்சென்ற தூய வெள்ளையை அடித்தால், நேற்றுப் பதித்த டைல்ஸ்கூடப் பல வருட அழுக்கு ஏறியதுபோல் தெரியும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரோல், கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று வந்த புகாரை ஆராய்ந்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருக்கும் நீல, ஊதா நூல்களே அதை அப்படிக் காட்டுகின்றன என்று கண்டறிந்தார். அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த இயல்பை அவர் 1839-இல் விரிவாக எழுதினார். எனவே ஒரு டைல்ஸ் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டே பெயிண்ட் கடைக்குப் போக வேண்டும். அதே சாயல் கொண்ட, அதைவிட ஒரு படி வெளிறிய நிறத்தையே மேலே அடிக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். எங்கள் உள் குளியலறையின் ஜன்னல், குழாய்கள் இறங்கும் குறுகிய இடைவெளியான டக்ட்டைப் பார்த்தபடி இருப்பதால் பகலிலும் விளக்கு எரிந்தாக வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். விளக்கு அட்டையில் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை ஒளி. 3000 என்றால் மஞ்சள் சாய்ந்த ஒளி. 4000 இரண்டுக்கும் இடைப்பட்டது. கடையில் சந்தன நிறமாகத் தெரிந்த ஒன்று 6500 விளக்கின் கீழ் உயிரற்ற சாம்பலாகிவிடும். அழகான இளஞ்சாம்பலோ 3000 விளக்கின் கீழ் பழுப்பேறிவிடும். ஆகவே விளக்கை முதலில் மாட்டிவிட்டு, பிறகுதான் நிறத்தைப் பார்க்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது 4000; நிறங்களைத் திரிக்காமல் காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் உள்ள விளக்கைக் கண்ணாடிக்கு மேலே பொருத்தினோம்.

மாதிரியைச் சுவரில் ஒரு தீற்று தீற்றிப் பார்ப்பதால் பயனில்லை. பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, முழுக்கக் காயவிட்டு, கண்ணாடி முன் நின்று முகத்துக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். எங்கள் பெயிண்டர் தர்மபுரிக்காரர், வயதில் பெரியவர். "ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்கம்மா, காய்ஞ்சா இன்னும் கொஞ்சம் அழுத்தமா வரும்" என்று அவர் சொன்னது எமல்ஷன் பெயிண்டுகளுக்கு முற்றிலும் பொருந்தும். நான்கு சுவரிலும் அடித்தபின், ஒரு சுவரில் பட்ட ஒளி மறு சுவரில் பட்டு, அட்டையில் கண்டதைவிட நிறம் இன்னும் கூடும். அந்த ஒளி முகத்திலும் விழும். எனக்கு மிகவும் பிடித்த பாசிப்பச்சையை நான் விட்டுவிட்டது இதனால்தான். அட்டையை அருகில் பிடித்தபோதே நம் மாநிற முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் தெரிந்தது. வெளிறிய சந்தன நிறமும், செங்காவியை மிக மெலிதாகக் கலந்த வெள்ளையும் முகத்துக்கு இதமாக இருந்தன.

ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் வரும் குளியலறை என்றால் திசையைக் கவனிக்க வேண்டும். வடக்கு ஜன்னலுக்கு நேரடி வெயில் வராது, ஆகவே அங்கே நீலம் வேண்டாம் என்ற அறிவுரை இங்கிலாந்துக்குச் சரி. ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ள பெங்களூரில், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்கிறது. எங்கள் வெளிக் குளியலறை வடக்கு பார்த்தது; அங்கே இளநீலத்தைத் தயங்காமல் அடித்தோம்.

இனி வேனிட்டி. இதில்தான் தண்ணீர் குறுக்கிடுகிறது. குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்துள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. பெங்களூருக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிறகும், போர்வெல் தண்ணீரையும் டேங்கர் தண்ணீரையும் நம்பியிருக்கும் அடுக்ககங்கள் இந்நகரில் ஏராளம். உப்பு மிகுந்த அத்தகைய தண்ணீரில் ஒரு துளி கருநீல லேமினேட் மேல் தெறித்துக் காய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவே தெளிவாக இருக்கும். ஓரத்தில் மட்டும் உப்பு மெல்லிய வெள்ளை வளையமாக நிற்கும். மறுநாள் அதன்மேல் இன்னொரு வளையம். இப்போது எல்லோரும் விரும்பும் கருநீலமும் கரும்பச்சையும் கறுப்பும், அதிலும் பளபளப்பான பூச்சில், இந்த வளையங்களை ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுக்கும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ அவற்றைக் கரைக்கும் என்றாலும், மேலே பளிங்குக் கல் பதித்திருந்தால் அதையும் அரித்துவிடும், ஏனெனில் அந்த வளையமும் பளிங்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான்.

அப்படியானால் வெள்ளை வேனிட்டி போதுமே என்று தோன்றும். எங்கள் வீட்டில் அத்தை மஞ்சள் பூசிக் குளிப்பவர். மருதாணியும் தலைச்சாயமும் அதே வாஷ்பேசினில்தான் கழுவப்படுகின்றன. மஞ்சள் கறை வெயில் பட்டால் தானே வெளுத்துவிடும், ஆனால் டக்ட்டைப் பார்த்த அறைக்கு ஏது வெயில்? ஆகவே இடைப்பட்ட நிறங்களே இங்கு வாழத் தகுந்தவை: தவிட்டு நிறம், சாம்பல் கலந்த பச்சை, மரவரி கொண்ட, பளபளப்பில்லாத லேமினேட். நாங்கள் தவிட்டு நிறத்தை எடுத்தோம். உப்பும் தெரிவதில்லை, மஞ்சளும் உறுத்துவதில்லை. உள்ளே ஈரம் தாங்கும் மரைன் தரத்தைக் குறிக்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டும், வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றிலும் அவற்றை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையும் அவசியம்.

பெயிண்ட் வகையில் டிஸ்டம்பர் வேண்டவே வேண்டாம். கழுவக்கூடிய, மிதமான மினுமினுப்புள்ள எமல்ஷன் போதும். அதிகப் பளபளப்பு, பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளங்களை எல்லாம் காட்டிவிடும். கதவுக்கு எண்ணெய் கலந்த வெள்ளை எனாமல் அடித்தால், வெளிச்சம் குறைந்த இடத்தில் அது விரைவில் மஞ்சளிக்கும். தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமலைக் கேட்டு வாங்குங்கள். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து ஓதம் இறங்கினால் அதை முதலில் அடைத்தாக வேண்டும். ஓதம் ஏறிய சுவருக்கு எந்த நிறமும் மருந்தாகாது. புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரை 28 நாளாவது விட்டு, பிறகு பிரைமர் அடிக்க வேண்டும்.

இயந்திரத்தில் கலக்கும் நிறம் அடுத்த முறை நூலிழை மாறி வரக்கூடும் என்பதால், தேவையானதை ஒரே தடவையில் கலந்து வாங்கிவிடுவது நல்லது. ஷேட் எண்ணையும் பெயிண்டின் பெயரையும் வேனிட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டால், பிறகு யார் வந்து எங்கே டச்-அப் செய்தாலும் கடையில் தேட வேண்டியிருக்காது.