வீங்காத நெறி

காலில் முள் குத்திப் பழுத்தால் அரையில் நெறி (நிணநீர்க்கணு) கட்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரிஸ்பேனில் நான் வேலை பார்க்கும் திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் நெறிகளோ பெரும்பாலும் வீங்கியே இருக்காது. ஃபார்மலின் டப்பாவுக்குள் அவரைக்கொட்டை அளவில், சில சமயம் நீலச் சாயம் ஒட்டியபடி கிடக்கும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக வரும் இடங்களில் குயின்ஸ்லாந்தும் ஒன்று. வெளுத்த தோல், கொளுத்தும் வெயில். எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

தோலில் இருந்த மச்சத்தை வெட்டியதும் முதலில் பார்ப்பது அதன் தடிமனைத்தான். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-இல் சொன்ன அளவு அது. இன்றும் அதில்தான் எல்லாம் தொடங்குகிறது. 1 மி.மீ.க்கு மேல் போனால் அடுத்த கேள்வி வரும்: புற்று நெறிக்குப் போயிருக்கிறதா?

ஒரு காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள அக்குளிலோ அரையிலோ உள்ள நெறிகளை மொத்தமாக வழித்து எடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒன்றுமே இருக்காது. வீங்கிய கைதான் மிச்சம். கலிபோர்னியாவில் டொனால்ட் மார்ட்டன் 1992-இல் வேறு வழி காட்டினார். கட்டி இருந்த இடத்தைச் சுற்றி நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றினால், அது முதலில் போய்ச் சேரும் நெறி எதுவென்று தெரிந்துவிடும். அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். சென்டினல் நோட் என்பது இதுதான். இப்போது கதிரியக்க டெக்னீசியத்தையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். நடுமுதுகில் மச்சம் இருந்தால் அது வலது அக்குளுக்குப் போகுமா, இடதுக்கா, அரைக்கா என்று ஊகித்துச் சொல்ல முடியாது. சிட்னியில் ரோஜர் யூரன் குழுவினர் படமெடுத்துக் காட்டிய பிறகுதான் எந்தத் தோல் எந்த நெறிக்கு வடியும் என்று வகுத்த பழைய உடற்கூற்றுக் கோடுகளை நம்புவது குறைந்தது.

அந்த நெறியை மெழுகில் பதித்து, பல மட்டங்களில் சீவி, எஸ்-100, சாக்ஸ்-10 போன்ற சாயங்கள் ஏற்றிக் கண்ணாடியில் வைப்பது என் வேலை. நெறியின் உறைக்குக் கீழே உள்ள இடுக்கில்தான் புற்றுசெல்கள் முதலில் வந்து தங்கும். ஆனால் சிலருக்கு உறைக்குள்ளேயே சாதுவான மச்ச செல்கள் குடியிருக்கும். அவையும் அதே சாயத்தைப் பிடிக்கும். பெத்தாலஜிஸ்ட் நெடுநேரம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழாவிட்டால் பெரும்பாலும் இந்தச் சந்தேகம்தான். அப்புறம் அளவு. 0.1 மி.மீ.க்குக் குறைவாக ஒரு புள்ளி இருப்பதும் 1 மி.மீ.க்கு மேல் ஒரு திட்டு இருப்பதும் ஒன்றல்ல. வெறுமனே 'பாசிட்டிவ்' என்று கேட்டதும் இடிந்துபோகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மி.மீ. என்றுதான்.

மார்ட்டன் குழுவின் பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. நடுத்தரத் தடிமன் கட்டிகளில், சென்டினல் நோட் சுத்தமாக இருந்தவர்களில் 85 சதவீதம் பேரை 10 ஆண்டுகள் ஆகியும் மெலனோமா கொன்றிருக்கவில்லை. நெறியில் புற்று இருந்தவர்களில் அது 62 சதவீதம். சரி, அப்படியானால் மிச்ச நெறிகளையும் எடுத்துவிட்டால் பிழைப்பார்களா? 1,900க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த அடுத்த ஆய்வு 2017-இல் இல்லை என்றது. எல்லாவற்றையும் எடுத்தவர்களும், அல்ட்ராசவுண்டில் கண்காணிக்கப்பட்டவர்களும் மூன்றாண்டு முடிவில் ஒரே 86 சதவீதம். வீக்கத்தில் மட்டும் பெரிய வித்தியாசம்: எடுத்தவர்களில் 24 சதவீதம், எடுக்காதவர்களில் 6. நெறி சேதி சொல்லும். அதை வெட்டுவதால் சேதி மாறாது.

நெறி சுத்தம் என்றாலும் நிம்மதியாகத் தூங்க முடியாத ஆட்கள் உண்டு. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஏஜேசிசி (அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழு) நிலை வகைப்பாட்டில், தடிமனான, புண்ணாகிப்போன கட்டி உள்ள 2சி நிலையினருக்கு ஐந்தாண்டு உயிர்பிழைப்பு 82 சதவீதம். நெறியில் நுண்ணிய அளவு புற்று உள்ள 3ஏ நிலையினருக்கு 93. இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது வேறு மாதிரி. குதிகாலில் கருப்பாக ஒன்று; காலாணி என்று கார்ன் கேப் ஒட்டிக்கொண்டே வயலுக்குப் போனார். நம் தோலில் மெலனோமா பெரும்பாலும் இப்படி உள்ளங்காலிலும் நகக்கண்ணிலும்தான் வரும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரையில் நெறி கட்டிய பிறகுதான் காட்டினார். கைக்குத் தட்டுப்படும் நெறியும் மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் நெறியும் வகைப்பாட்டிலேயே தனித்தனி எழுத்து. முதலாவது மோசம்.

இப்போது 2பி, 2சி நிலைகளுக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தைக் கொடுக்கிறார்கள். எப்படியும் மருந்து தரப்போகிறோம், நெறியை ஏன் எடுக்க வேண்டும் என்று சில டாக்டர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். தடிமனான கட்டிக்கு அந்த வாதம் கொஞ்சம் எடுபடும். ஆனால் 1.3 மி.மீ. கட்டியோடு வருபவருக்கு, நெறியில் ஒரு திட்டு தெரிந்தால்தான் மருந்துப் பேச்சே எழும். அவருடைய நெறியை எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.