மார்ச் 31-க்கும் சித்திரை 1-க்கும் நடுவில்

வருடத்தைத் திரும்பிப் பார்க்க டிசம்பர் கடைசி எனக்கு ஒத்துவருவதில்லை. கோயம்புத்தூரில் உலோகத்தை உருக்கி ஊற்றி பம்ப் காஸ்டிங் செய்யும் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கோடையை முன்னிட்டு வரும் பம்ப் ஆர்டர்கள் டிசம்பரிலேயே நெருக்கத் தொடங்கிவிடும், உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்காது. எங்களுக்குப் பட்ஜெட், இலக்கு, ஊதிய உயர்வு எல்லாமே மார்ச் 31-ஐ வைத்துத்தான் நகரும். வீட்டிலும் வரிக் கணக்கு, சேமிப்பு, மகளின் பள்ளி எல்லாம் அதை ஒட்டியே ஒரு முடிவுக்கு வரும். ஏப்ரல் 14 அன்று சித்திரை பிறக்கும். இடையில் கிடைக்கும் இரண்டு வாரத்தைத்தான் நான் வருடக் கணக்குக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்த முறை எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அலுவலகச் சுயமதிப்பீட்டுப் படிவத்தையும் சொந்த வாழ்க்கையையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டியிருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் ஒரு விஷயம் உண்டு. இலக்குகள் எழுதிய நோட்டை முதலில் திறப்பதே இல்லை. வருடம் உண்மையில் எப்படிப் போனது என்று மாதம் மாதமாக எழுதி முடித்த பிறகுதான் அதை எடுப்பேன். நோட்டை முதலில் எடுத்தால் டிக், தப்பு என்று மார்க் போடும் வேலையாகிவிடும். அதில் எழுதாத எதுவும் அப்புறம் கண்ணிலேயே படாது.

மாதம் மாதமாக எழுத நினைவை நம்ப முடியாது, ஆதாரம் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது நான்கு: வங்கி ஸ்டேட்மென்ட், போனில் இருக்கும் படங்கள், அலுவலக டைரி, சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். நான்கிலும் காலண்டர்தான் அதிகம் பேசும். சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வேண்டாம் என்று சொன்ன நாட்கள், பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள், யார் ஊருக்குப் போனார்கள் என்பதெல்லாம் கட்டத்துக்குள் பேனாவால் கிறுக்கியிருக்கும். ஜூன் மாதத் தாளில் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு என் கையெழுத்தே இல்லை. ஜூலையில் கட்டத்துக்குக் கட்டம் 'பிசியோ' என்று இருந்தது. ஆகஸ்டிலும் அப்படித்தான், ஆனால் வாரத்தில் சில நாட்கள் மட்டும்.

ஜூனில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டிலேயே பயிற்சி. படுக்கையிலிருந்து எழுந்து உட்கார, உட்கார்ந்து நிற்க, வாக்கர் பிடித்து நடக்க என்று ஒவ்வொன்றாகத்தான் மீண்டும் பழகினார். இது எந்த இலக்குப் பட்டியலிலும் இல்லாத வேலை. மூன்று மாதத்தின் மாலைப் பொழுதும் விடுமுறைகளும் இதற்கே போயின. மாதக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டுவிட்டு, "வாக்கர் இல்லாம வாசல் வரைக்கும் நடந்தனே, அது எந்த மாசம் சாமி? அதையும் போட்டுக்க," என்றார். போனைத் துழாவியதில் வீடியோ கிடைத்தது. செப்டம்பர் என்று எழுதினேன். பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்த வருடத்தில் நான் முடித்த பெரிய வேலை அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதன் பிறகுதான் நோட்டைத் திறந்தேன். அலுவலக இலக்குகள் மூன்று, என்னுடையவை நான்கு.

அலுவலகத்தில் முதலாவது, ஒரு குறிப்பிட்ட பம்ப் கேசிங்கில், அதாவது பம்பின் வெளிக்கூட்டில், ரிஜெக்ஷனை (குறை கண்டு ஒதுக்கப்படுவதை) குறைப்பது. ஆண்டு சராசரியை மட்டும் பார்த்தால் இலக்கைத் தொடவில்லை. படிவத்தில் எழுத இடமிருப்பதும் அந்த ஒரு எண்ணுக்குத்தான். ரிஜெக்ஷன் பதிவேட்டை மாதவாரியாகப் பிரித்தேன். அக்டோபர், நவம்பர் இரண்டையும் எடுத்துவிட்டால் மற்ற மாதங்கள் எல்லாமே இலக்குக்குள் இருந்தன. அந்த இரண்டு மாதத்தில் ரிஜெக்ட் ஆன காஸ்டிங்கில் பெரும்பகுதி புளோ ஹோல், அதாவது உள்ளே வாயு அகப்பட்டு உண்டாகும் ஓட்டை. வார்ப்பு அச்சு செய்யும் மோல்டிங் மணலின் ஈரத்தை அடிக்கடி சோதிக்கிறோம், அது சரியாகவே இருந்தது. கோளாறு கோரில்தான். பம்ப் கேசிங்கின் உட்புற வெற்றிடத்தை உண்டாக்க அச்சுக்குள் வைக்கும் மணல் உரு அது. செய்து அடுக்கி வைத்த கோர் மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உருகிய இரும்பு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகும், வெளியேற வழி கிடைக்காவிட்டால் காஸ்டிங்குக்குள் ஓட்டையாக நின்றுவிடும். கோர் அடுக்கிய இடம் ஷெட்டின் கதவோரம், சாரல் அடிக்கும் பக்கம். டிசம்பரில் அவற்றை உள்ளே மாற்றி, ஊற்றும் முன் சூடாக்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம், எண் இறங்கியது.

ஆண்டு சராசரி என்ற ஒரே எண் இவ்வளவையும் மூடிவிடும். எந்த இலக்கையும் மாதவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் 'முடியவில்லை' என்று எழுதக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சுயமதிப்பீட்டுப் படிவத்தில் கேட்ட எண்ணை எழுதினேன். கூடவே மாதவாரி அட்டவணையை ஒரு பக்கத்தில் தயாரித்து மேலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இதைத் தனி ஷீட்டா ஃபைல்ல வைங்க மேடம், புரொடக்ஷன் மீட்டிங்லயும் காட்டணும்," என்றார். ரேட்டிங் நடுத்தரமாகத்தான் வந்தது. எங்கள் இடத்தில் ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தித்தான் ரேட்டிங் போடுகிறார்கள். அதனால் அந்த ரேட்டிங்கை என் வருடத்தின் அளவாக நான் எடுத்துக்கொள்வதில்லை. மீட்டிங்கில் அந்த ஷீட் பேசப்பட்டது, அது போதுமான பலன்.

மற்ற இரண்டும் சுருக்கம். டிப்ளமோ முடித்து வந்த இருவர் மணல் சோதனையையும் ஸ்பெக்ட்ரோவில் உலோகக் கலவை பார்ப்பதையும் இப்போது என் உதவியின்றிச் செய்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தர மேலாண்மைத் தரநிலைக்கான உள் தணிக்கையாளர் பயிற்சியை முடித்துவிட்டேன்.

சொந்த இலக்குகளில் முதலாவது சர்க்கரை. எச்.பி.ஏ.1.சி. என்ற இரத்தப் பரிசோதனையில் 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். எனக்கு நடு வரிசை. 5.7-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. மார்ச்சில் எடுத்தபோது குறைந்திருந்தது, ஆனால் எல்லையைத் தாண்டி இறங்கவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இதில் அளக்கிறார்கள், அந்தச் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் இந்தப் பரிசோதனை சொல்வது கடைசி இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைத்தான். மார்ச் ரிசல்ட்டை வைத்து ஜூலையில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல முடியாது. வருடத்தை மதிப்பிட வேண்டுமானால் காலாண்டுக்கு ஒரு முறை எடுத்தால்தான் பொருள் உண்டு. அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் முடிவு செய்தேன்.

இரண்டாவது, மகளின் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் மாதாமாதம் பணம் போடுவது. பாஸ்புக்கைப் பார்த்தால் பெரும்பாலான மாதங்களில் போட்டிருக்கிறேன், ஆனால் தேதிகள் எல்லாம் 8, 9 என்று இருந்தன. இந்தக் கணக்கில் ஒரு மாதத்தின் 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 5-ஆம் தேதிக்குப் பிறகு போட்டால் போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி இல்லை. எனக்குச் சம்பளம் வருவதே 7-ஆம் தேதி! எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்த மாதச் சம்பளத்தை 5-க்குள் போட முடியாது. இப்போது ஒரு மாதத் தொகையை முன்னதாகவே ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிட்டேன். பாஸ்புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கார் ஓட்டுநர் உரிமம் வாங்குவது மூன்றாவது. மே மாதம் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கினேன். முப்பது நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், ஆறு மாதம் வரை செல்லும். அம்மா விழுந்தது ஜூனில். நவம்பரில் எல்.எல்.ஆர். காலாவதியாகிவிட்டது. "இதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடவா, எடுத்துடவாங்க?" என்று கணவரிடம் கேட்டேன். "அத்தையை நைட்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நான் ஊர்ல இல்லைன்னா யாரு வண்டி எடுப்பா?" என்றார். போன வருடம் ஆசையாக எழுதிய வரி இப்போது தேவையாகிவிட்டது. பட்டியலில் அதுதான் முதலில் நிற்கிறது.

நான்காவதற்கு எண் கிடையாது: மகளோடு இருப்பது. எச்.ஆர். பயிற்சியில் 'ஸ்மார்ட்' இலக்கு பற்றித் தவறாமல் சொல்வார்கள்: குறிப்பாக இருப்பது, அளக்க முடிவது, கெடு இருப்பது என்று இலக்குக்கு ஐந்து அம்சங்கள். 1981-இல் ஜார்ஜ் டோரன் எழுதிய கட்டுரையில் வந்தது அது. எல்லா இலக்கிலும் ஐந்து அம்சங்களும் இருந்தே ஆக வேண்டும் என்று அவரே சொல்லவில்லை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அளக்க முடியாததை யாருக்காகச் செய்கிறோமோ அவரிடமே கேட்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. "இந்த வருஷம் அம்மா உன்கூட இருந்தது போதுமா கண்ணு?" என்று கேட்டேன். அவள் ஏழாம் வகுப்பு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "லீவுல போதும்மா. பரீட்சை சமயத்துல மட்டும் நீ கேள்வி கேக்கறதுக்குத்தான் பேசற," என்றாள். எவ்வளவு தெளிவான பதில்! நோட்டில் அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். பரீட்சை வாரங்களில் மாலை அரை மணி நேரம் மாடியில் ஷட்டில், புத்தகப் பேச்சு இல்லை என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

புது வருடத்துக்கு ஏழு இலக்கு வைக்கவில்லை. அம்மாவுக்கு இன்னும் கவனிப்பு தேவை, அதற்கான நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பங்கிட முடியும். வீட்டில் மூன்று: உரிமம், சர்க்கரை, மகள். சேமிப்பு தானாக நடக்கும் என்பதால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அலுவலகத்தில் ஒன்றே ஒன்று, அந்த ரிஜெக்ஷன் எண். ஆனால் இந்த முறை ஆண்டு சராசரியாக எழுதாமல் மாதத்துக்கு ஒரு எண்ணாகப் பிரித்து, மேலாளரோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். ஈரம் புகாத தனி கோர் அறை வேண்டும் என்று செலவு மதிப்பீட்டோடு கடிதம் கொடுத்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், அதனால் செப்டம்பர் முடிவதற்குள் அறை தயாராக வேண்டும் என்று அதில் தேதி போட்டே கேட்டிருக்கிறேன்.